பதினாறு அங்குலத்துக்கு ஒரு கட்டை

ஊரிலிருந்து அமெரிக்காவில் டாலஸ் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் இரண்டு விஷயம் சொல்லாமல் போவதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "யப்பா, எவ்வளவு பெரிய வீடு!" உள்ளே வந்து ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் விரலை மடக்கிச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதென்ன, வெறும் அட்டையா?" முதலில் வந்த பாராட்டு இந்த இரண்டாவது வாக்கியத்தில் பாதியாகக் குறைந்துவிடும். பெரிசுதான், ஆனால் அட்டை. டாலஸில் இருக்கிற நம் ஆட்களும் இதே தீர்ப்பைத்தான் சொல்கிறார்கள், முப்பது வருடக் கடன் வாங்கி அதே அட்டைக்குள் உட்கார்ந்துகொண்டு. நானும் கூடவே தலையாட்டியிருக்கிறேன், முழு மனதோடு அல்ல. இவ்வளவு காசு வைத்திருக்கிற நாட்டுக்காரன் தெரியாமலா இருநூறு வருடமாகக் கட்டையை வைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறான்? தெரிந்துதான் கட்டுகிறான் என்றால் அதில் அவனுக்கு என்ன லாபம்? பெரிசு என்பதும் அட்டை என்பதும் உண்மையில் இரண்டு விஷயம்தானா? என்னைவிட இதில் அதிகம் மண்டையைக் குடைந்துகொண்டவர் என் மாமனார்.

அவர் பொதுப்பணித்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோவில்பட்டியில் தன் வீட்டை நின்று கட்டியவர். நின்று என்றால் நிஜமாகவே நின்று. கலவையில் சிமெண்ட் எத்தனை சட்டி விழுகிறது என்று எண்ணி, தளம் போட்ட பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, கொத்தனார் இல்லாத நேரத்தில் செங்கல்லை ஒன்றோடொன்று தட்டிச் சத்தம் கேட்டு. 2020 தொடக்கத்தில் மகளின் பிரசவத்துக்காக மாமியும் அவரும் வந்தார்கள். பின்னாலேயே கொரோனாவும் வந்துவிட்டதால் எங்களோடே தங்கிப் போனார்கள். வெளியே போக வழியில்லாத ஒரு சிவில் ஆள், ஒரு அமெரிக்க வீட்டுக்குள் அடைபட்டால் என்ன செய்வார்? வீட்டையே ஆராய்ச்சி செய்வார்.

குழந்தை பிறந்ததும் முதல் பிரச்சினை தூளி. கோவில்பட்டி வீட்டில் தளம் போடும்போதே கம்பியோடு சேர்த்து நாலு கொக்கி விட்டிருக்கிறார். தூளிக்கு ஒன்று, ஃபேனுக்கு இரண்டு, நாலாவது எதற்கென்று அவருக்கே தெரியாது, இருக்கட்டும் என்று விட்டது. இங்கே ஹாலில் நின்று துடைப்பக் கட்டையால் விட்டத்தைத் தட்டினார். டொப் டொப் என்றது. மேலே இருப்பது அரை அங்குல ஜிப்சம் பலகை, இரண்டு காகித அட்டைக்கு நடுவே மாவு இறுகியது, அதில் ஒரு படம் மாட்டவே யோசிக்க வேண்டும், பிள்ளையைத் தொங்கவிடுவது நடக்காது என்று சொன்னேன். கடைசியில் இரும்பு ஸ்டாண்டு ஒன்று வாங்கினோம். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் காலில் இடித்துக்கொண்டு, "நாலு பெட்ரூம் இருக்கு, ஒரு கொக்கிக்கு வழி இல்ல" என்பார்.

செங்கல் விஷயம் தெரிந்தபோது அவருக்குத் தாங்கவில்லை. எங்கள் வீட்டின் வெளிப்புறம் முழுக்கச் செங்கல். அதைப் பார்த்து ஓரளவு சமாதானமாக இருந்தார். ஒரு நாள் வீட்டைச் சுற்றி நடந்தவர், அடிவரிசைச் செங்கற்களுக்கு நடுவே அங்கங்கே கலவை இல்லாமல் இடைவெளி விட்டிருப்பதைப் பார்த்துவிட்டார். கொத்தனார் ஏமாற்றிவிட்டான் என்று நினைத்துப் பதறி வந்தார். அது தண்ணீர் வடியும் வழி. செங்கல் ஒற்றை வரிசை, அதற்குப் பின்னால் ஒரு அங்குலக் காற்றிடைவெளி, அதற்குப் பின்னால் பலகை, அப்புறம் மரச்சட்டம். செங்கல்லுக்கும் சட்டத்துக்கும் இடையே சின்னச் சின்னத் தகடுகளை ஆணியடித்து இழுத்துப் பிடித்திருப்பார்கள். கூரையின் எடையில் ஒரு கிலோகூடச் செங்கல்லின் மேல் இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "அப்ப செங்கல் வீட்டைத் தாங்கல. வீடுதான் செங்கலைப் பிடிச்சிக்கிட்டு நிக்குது."

இதில் ஒரு வேடிக்கை, அந்தச் செங்கல்லும் பல ஊர்களில் விருப்பப்பட்டு வைத்தது இல்லை. டாலஸைச் சுற்றியுள்ள பல நகரங்கள் வெளிச்சுவரில் இத்தனை சதவீதம் செங்கல்லோ கல்லோ இருக்க வேண்டும் என்று விதி வைத்திருந்தன. ஊர் ஒரே தரத்தில், கொஞ்சம் வசதியானவர்கள் குடியிருக்கும் இடமாகத் தெரிய வேண்டும் என்பதுதான் காரணம், உறுதிக்காக இல்லை. 2019-இல் டெக்சஸ் சட்டமன்றம் அப்படிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டம் போட்டது. அதற்குப் பிறகு வந்த தெருக்களில் செங்கல் முகப்பில் மட்டும் இருக்கிறது. பக்கவாட்டில் சிமெண்ட் நார்ப்பலகை. வடக்கே, கிழக்கே பல மாநிலங்களில் அதுகூட இல்லை, வினைல் தகடுதான். அந்த மாதிரி வீட்டைப் பற்றிக் கேட்டதும் மாமா, "பூட்டு எதுக்கு மாப்ளே? பிளேடு இருந்தா சுவரை அறுத்துட்டு உள்ள வந்துரலாமே" என்றார். சிரித்தேன். பிறகு யோசித்தால், வினைல், ஃபோம், கண்ணாடிப் பஞ்சு, ஜிப்சம் என்று வரிசையாக அறுத்துக்கொண்டு நிஜமாகவே வந்துவிடலாம். கட்டைகளுக்கு நடுவில் புகுந்து வர ஆள் மட்டும் கொஞ்சம் ஒல்லியாக இருக்க வேண்டும்.

சுவர் திறந்த வாரம்

2021 பிப்ரவரியில் டெக்சஸ் உறைந்தது. பதினாறாம் தேதி காலை டாலஸ் விமான நிலையத்தில் மைனஸ் 19 டிகிரி செல்சியஸ். மாநிலம் முழுக்கக் கரண்ட் போனது, லட்சக்கணக்கான வீடுகளில். எங்கள் தெருவில் சில மணி நேரம் வரும், அப்புறம் போகும். ஒரே அறையில் எல்லோரும் படுத்துக்கொண்டு, கேஸ் அடுப்பில் வெந்நீர் வைத்து, குழந்தைக்கு மூன்று அடுக்குத் துணி சுற்றிச் சமாளித்தோம். குளிர் குறைந்து கரண்ட் நிலையாக வந்தபோது, ஆபத்து போயிற்று என்று நினைத்தோம். உண்மையில் அப்போதுதான் ஆரம்பித்தது. மேல்மாடி நடையில் விட்டம் வயிறு தள்ளிக்கொண்டு தொங்கியது. உள்ளே பைப் வெடித்திருக்கிறது. உறைந்திருந்தவரை பனிக்கட்டியே அடைப்பாக இருந்திருக்கிறது, உருகியதும் தண்ணீர் கொட்ட ஆரம்பித்துவிட்டது.

தண்ணீர்க் குழாய் எதற்கு அட்டிக்கில், அதாவது கூரைக்கும் விட்டத்துக்கும் நடுவிலுள்ள இடத்தில், போகிறது என்று கேட்கலாம். மாமா கேட்டார், மிகவும் கோபமாக. வடமாநில வீடுகளுக்கு அடியில் நிலவறை இருக்கும், குழாய்கள் அங்கே ஓடும். டாலஸ் மண்ணில் நிலவறை தோண்டுவது தலைவலி. இங்கே இருப்பது கரிசல், கோவில்பட்டியில் இருக்கிற அதே ரகம். மழையில் உப்பும், கோடையில் உள்ளே கையை நுழைக்கிற அளவுக்கு வெடிக்கும். அதனால் வீடு மொத்தத்தையும் ஒரே கான்கிரீட் பலகையின் மேல் உட்கார வைத்து, உள்ளே எஃகு வடங்களைப் போட்டு, கான்கிரீட் இறுகியதும் அவற்றை இழுத்து முறுக்குகிறார்கள். கோடையில் அந்தப் பலகையைச் சுற்றி மண் காய்ந்து விலகிவிடக் கூடாது என்று ஜனங்கள் வீட்டு அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் விடுவதை இங்கேதான் பார்த்தேன், செடிக்கு விடுகிற சொட்டுக் குழாயையே போட்டு. கான்கிரீட்டுக்குள் குழாயைப் புதைத்தால் பழுது பார்ப்பது கஷ்டம். ஆகவே குழாய் மேலே ஏறிவிட்டது. வருடத்தில் பெரும்பகுதி வெயில் அடிக்கிற ஊரில் அது சரியான கணக்குத்தான். அந்த ஒரு வாரம் மட்டும் கணக்கு தப்பியது.

பெரிய வால்வு தெருவோரத்தில் ஒரு மூடிக்குள் இருந்தது. அதைத் திருப்ப நீளமான சாவி வேண்டும், எங்களிடம் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓடி வந்து மூடினார். அதற்குள் மேல்மாடி விட்டம் ஒரு பகுதி மொத்தமாக விழுந்தது, நனைந்த பஞ்சோடு. தண்ணீர் தரையில் பரவி, கீழே ஹால் விட்டத்தையும் சுவர்களையும் ஊற வைத்துவிட்டது. இன்சூரன்ஸ் வழியாக வந்த ஆட்கள் ஈரமானி ஒன்றை அங்கங்கே குத்திப் பார்த்து, நனைந்த ஜிப்சம் எல்லாவற்றையும் கத்தியால் கோடு போட்டுப் பெயர்த்து எடுத்தார்கள். விடவே கூடாது, பூஞ்சை பிடித்துவிடும் என்றார்கள். பெரிய பெரிய ஃபேன்களை ஓடவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு பார்த்தால் வீடு எலும்பாக நின்றது. சமையலறையில் நின்றால் படிப்பறையும் அதைத் தாண்டிப் படுக்கையறையும் தெரிந்தன. மனைவிக்கு அழுகை வந்துவிட்டது. மாமா மட்டும் டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

எனக்கு இந்த விஷயத்தில் கண் திறந்தது அந்த மாலை. அவர் அளக்க அளக்க நான் எழுதிக்கொண்டேன். கட்டைக்குக் கட்டை நடுவிலிருந்து நடுவுக்குப் பதினாறு அங்குலம். ஜிப்சம் பலகையின் அகலம் நாலடி, அதாவது நாற்பத்தெட்டு அங்குலம். மூன்று பதினாறு நாற்பத்தெட்டு. எந்தப் பலகையை எங்கே வைத்தாலும் அதன் விளிம்பு ஒரு கட்டையின் நடுவில் வந்து உட்காரும், அடுத்த பலகையும் அதே கட்டையில் பாதியைப் பங்கு போட்டுக்கொள்ளும். வெளிப்பக்கம் அடிக்கிற மரப்பலகைக்கும் இதே அளவுதான். இடையில் திணிக்கிற கண்ணாடிப் பஞ்சும் அந்த இடுக்குக்கென்றே அகலம் பார்த்து வெட்டி வருகிறது. மேல்மாடிச் சுவரின் நிற்கும் கட்டையை அளந்தால் தொண்ணூற்றிரண்டு அங்குலமும் எட்டில் ஐந்தும். இதென்ன விசித்திரமான அளவு என்று கணக்குப் போட்டார். கீழே ஒரு படுக்கைக் கட்டை, மேலே இரண்டு, இவற்றைக் கூட்டி, விட்டத்துப் பலகையின் கனம் அரை அங்குலத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், நாலடிப் பலகை இரண்டைப் படுக்கவைத்தால் தரையில் சின்ன இடைவெளி விட்டுக் கச்சிதமாக அடங்கும். கட்டை மரக்கடையிலேயே அந்த நீளத்துக்கு வெட்டித்தான் வருகிறது. "டூ பை ஃபோர்" என்று விற்கிற கட்டை அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரைதான் இருந்தது. "அரை இஞ்ச் ஆட்டையப் போட்டுட்டானுங்க" என்றார். பல வருடங்களுக்கு முன்பே நாடு முழுக்க அதைத்தான் தர அளவாக வைத்துவிட்டார்கள் என்று படித்துக் காட்டினேன். திருட்டைக்கூட ஒரே அளவாகச் செய்கிறார்களே என்று அதற்கும் ஒரு சர்டிபிகேட் கொடுத்தார்.

ரிப்பேர் ஆட்கள் வந்ததும் இன்னொரு அதிசயம். பிளம்பர் கிடைக்கத்தான் வாரக்கணக்கில் ஆனது, டெக்சஸ் முழுக்க எல்லோருக்கும் அதே பைப் வெடித்திருந்ததால். மற்றதெல்லாம் மடமடவென்று முடிந்தது. ஸ்பானிஷ் பேசுகிற இரண்டு பேர் ஒரே நாளில் பலகை முழுக்க ஏற்றிவிட்டார்கள். அடுத்தடுத்த நாட்களில் இணைப்புகளில் காகித நாடா ஒட்டி, மாவு பூசி, தேய்த்து, மறுபடி பூசி, பெயிண்ட் அடித்தார்கள். எங்கே உடைந்தது என்று காட்டச் சொன்னால் இப்போது எனக்கே தெரியாது. மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்து முழுதையும் பார்த்தார். "நம்ம ஊர்ல சுவருக்குள்ள பைப் கசிஞ்சா டைல்ஸை உடைக்கணும், கொத்தணும், எப்படிப் பூசினாலும் தடம் தெரியும். இவனுங்க சட்டைக் கிழிசலைத் தைக்கிற மாதிரி தைச்சிட்டுப் போறானுங்க." ஹால் விட்டம் திறந்திருந்தபோதே தச்சரிடம் சைகையிலும் படத்திலும் விளக்கி, மேல்தளத்தைத் தாங்கும் இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே கனமான குறுக்குக் கட்டை வைத்து ஒரு கொக்கி முடுக்கச் செய்துவிட்டார். பலகை மூடியதும் முதலில் தானே அதில் தொங்கிப் பார்த்தார். இரும்பு ஸ்டாண்டு அன்றே கார் நிறுத்துகிற கராஜுக்குப் போனது.

மெல்லிசாக இருப்பதால்

அன்றைய ராத்திரி சாப்பாட்டு மேஜையில் மாமா, பெரிசு, அட்டை என்கிற பழைய கணக்கை மறுபடி எடுத்தார். எங்கள் பில்டரின் விளம்பரத்தாள் ஒன்று வீட்டில் கிடந்தது. ஒரே தெருவில், ஒரே அளவு மனையில், வெவ்வேறு அளவு வீடுகள். 2,200 சதுர அடியிலிருந்து 3,400 சதுர அடிக்குப் போனால் வீடு பாதிக்கு மேல் பெரிசாகிறது, விலை அந்த விகிதத்தில் ஏறவே இல்லை. சதுர அடிக்கு என்ன ரேட் என்று பிரித்துப் பார்த்தால் வீடு பெருக்கப் பெருக்க ரேட் இறங்குகிறது. ஊரில் அப்படி இல்லை. அங்கே கான்ட்ராக்டர் ஒரு ரேட் சொல்வார், சதுரத்துக்குச் சதுரம் அதேதான். ஒரு அறை கூடுதலாக வேண்டுமென்றால் செங்கல், கம்பி, சிமெண்ட், மணல், கூலி எல்லாமே அதே கணக்கில் ஏறும், தாங்குகிற தூணும் அஸ்திவாரமும் உட்பட. ஆகவே ஒவ்வொரு அடிக்கும் யோசித்து, "இங்க எதுக்கு அலமாரி, அதையும் அறைக்குள்ள சேர்த்துரலாம்" என்று குறைப்போம். இங்கே காசு தின்பது மனையும், நகராட்சிக் கட்டணமும், அடுப்படியும், குளியலறையும், ஏசியும். மேல்மாடியில் இன்னொரு அறை என்பது நூறு கட்டையும் சில பலகைகளும். எடையும் கிடையாது, அஸ்திவாரமும் அப்படியே. பில்டரைப் பொறுத்தவரை கிட்டத்தட்டக் காற்றை விற்கிறார். வாங்குகிறவருக்கும் இன்னும் கொஞ்சம்தானே என்று தோன்றும். முப்பது வருடத் தவணையில் பரப்பினால் அந்த இன்னும் கொஞ்சம் மாதத்துக்கு ஒரு ஓட்டல் சாப்பாட்டுக் காசு.

பெரிசு, ஆனால் அட்டை என்று எல்லோரும் சொல்வது அங்கேதான் எனக்கு உடைந்தது. அட்டையாக இருப்பதால்தான் பெரிசு. கெட்டிச் சுவராக இருந்திருந்தால் இந்தப் பரப்பை இந்த வருமானக்காரர்கள் கட்டியே இருக்க முடியாது.

இந்தக் கட்டுமானம் 1830-களில் சிகாகோவில் வளர்ந்தது. அதற்கு முன் மர வீடு என்றால் பெருத்த உத்தரங்கள், துளையும் முனையும் செதுக்கிப் பொருத்துகிற கைதேர்ந்த தச்சர்கள். சிகாகோவில் ஜனம் வந்து குவிந்தது, தச்சர்கள் இல்லை. ஆனால் ரம்ப மில்லில் ஒரே அளவாக அறுத்த மெல்லிய கட்டையும், இயந்திரத்தில் வெட்டிய மலிவான ஆணியும் வந்துவிட்டன. சுத்தியல் பிடிக்கத் தெரிந்த இரண்டு பேர் போதும் என்றானது. முதலில் கட்டைகளை இரண்டு மாடி உயரத்துக்கு ஒரே நீளமாக நிறுத்தினார்கள். தீப்பிடித்தால் அந்த இடுக்கு வழியே மேலே ஏறியது. பிறகு ஒவ்வொரு தளமாக நிறுத்திக் கட்டும் முறை வந்தது, இன்றுவரை அதுதான். 1908-இலிருந்து 1940 வரை சியர்ஸ் என்கிற தபால் வழி விற்பனைக் கம்பெனி முழு வீட்டையே கேட்லாக்கில் விற்றது. வெட்டி எண் போட்ட கட்டைகள் ரயிலில் வந்து இறங்கும், வாங்கியவர் ஆணியடித்துக்கொள்ள வேண்டும். நம்ப முடியாத அளவுக்கு, எழுபதாயிரம் வீடு மாதிரி அப்படி விற்றிருக்கிறார்கள்.

இந்த முறை பிறந்தபோது வீடுகள் பெரிசாக இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1947-இல் நியூயார்க் பக்கத்தில் லெவிட் சகோதரர்கள் கட்ட ஆரம்பித்த லெவிட்டவுன் வீடு வெறும் 750 சதுர அடி. நம் கணக்கில் ஏழரைச் சதுரம். வேலையை இருபத்தைந்துக்கு மேற்பட்ட படிகளாகப் பிரித்து, ஒரு குழு ஒரு படியை மட்டும் வீடு வீடாகச் செய்துகொண்டே போகும். உச்சத்தில் ஒரே நாளில் முப்பது வீடுவரை முடிந்தது. போரிலிருந்து திரும்பியவர்களுக்கு அரசு உத்தரவாதத்தில் கடன். கறுப்பினத்தவர் குடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள், அதே போரில் சண்டை போட்டுத் திரும்பியவராக இருந்தாலும். அமெரிக்கக் கனவு வீடு என்று பேசுகிற யாரும் அந்த வரியைச் சேர்த்துப் படிப்பதில்லை. 1973-இல் புதிய வீட்டின் இடைநிலைப் பரப்பு ஏறக்குறைய 1,525 சதுர அடி, வீட்டுக்குச் சராசரி மூன்று பேர். 2015-இல் 2,467 சதுர அடி, ஆட்களோ இரண்டரை. இப்போது விலையும் வட்டியும் ஏறி 2,200-ஐ ஒட்டி இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நம் பங்கையும் ஒளிக்கக் கூடாது. டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோ, பிளேனோ பக்கம் வாங்குகிறவர்களில் நம் ஆட்கள் கணிசம். கீழே ஒரு படுக்கையறை குளியலறையோடு வேண்டும், அப்பா அம்மா மாடி ஏற மாட்டார்கள் என்று கேட்போம். அவர்கள் வந்து தங்குவது வருடத்தில் பாதிகூட இருக்காது. மாடியில் மீடியா ரூம், பக்கத்தில் கேம் ரூம். தாளிப்பதற்கென்று பின்னால் இன்னொரு சின்ன அடுப்படி, அதைச் சில பில்டர்கள் இப்போது வரைபடத்திலேயே போட்டுத் தருகிறார்கள், பூஜையறையோடு சேர்த்து. அந்த இரண்டாவது அடுப்படிக்குக் காரணமும் இந்தக் கட்டுமானம்தான். ஒரே ஏசிக் குழாயில் வீடு முழுக்கக் காற்று சுற்றுவதால் கீழே கடுகு வெடித்தால் மாடியில் போர்வை மணக்கும். உட்சுவர்களில் பஞ்சு கிடையாது, ஆகவே காலையில் மிக்ஸி போட்டால் எல்லா அறையிலும் போட்ட கணக்கு. அறைகள் அதிகம், தனிமை குறைவு. முன்பக்கத்தில் ஒரு விருந்துச் சாப்பாட்டு அறை இருக்கிறது, எட்டு நாற்காலியோடு. கொலுவுக்கு மட்டும் அது உபயோகமாகிறது. நவராத்திரி ஒன்பது நாளுக்கு வருடம் முழுக்க ஏசி போட்டுக் காத்திருக்கிறோம். அந்த ஏசிக் குழாய்கள் ஓடுவது வெயிலில் கொதிக்கிற அட்டிக்கில். குளிர்ந்த காற்றை வீட்டிலேயே சூடான இடத்தின் வழியே அனுப்பி அறைக்குக் கொண்டுவருகிற இந்த ஏற்பாட்டை மாமா கடைசிவரை மன்னிக்கவில்லை. நானும்தான்.

காற்றும் தீயும் காலமும்

டொர்னாடோ என்கிற சுழல் சூறாவளி வருகிற நாட்டில் ஏன் கெட்டியாகக் கட்டக் கூடாது? இதை என்னிடம் கேட்காத சொந்தக்காரர் இல்லை. 2011-இல் மிசௌரியின் ஜாப்ளினிலும் 2013-இல் ஓக்லஹோமாவின் மூரிலும் வந்தவை உச்சநிலைச் சூறாவளிகள். அந்த வேகத்தில் நம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் நிற்காது, விழுந்தால் மேலே விழுகிற எடைதான் கூடும். கொஞ்சம் குறைந்த வேகங்களில்தான் வித்தியாசம் செய்ய முடியும், அதற்குச் செங்கல் தேவையில்லை. பல வீடுகள் முதலில் கராஜ் கதவில்தான் தோற்கின்றன. பதினாறடி அகலத் தகடு உள்ளே அமுங்கினால் காற்று புகுந்து கூரையைத் தூக்கிவிடும். மூர் நகரம் 2014-இல் விதியை மாற்றி, மணிக்கு 135 மைல் காற்றைத் தாங்குகிற கராஜ் கதவும், கூரையைச் சுவரோடு பிணைக்கிற எஃகுப் பட்டைகளும் வேண்டும் என்றது. பூகம்பத்தில் கதை நேர்மாறு. 2001-இல் குஜராத்தில் ஆட்களைக் கொன்றது கல்லும் செங்கல்லும் கான்கிரீட்டும். லேசான மரச்சட்டம் ஆடும், வளையும், பெரும்பாலும் விழாது.

தீ வேறு விஷயம். அதில் எனக்குச் சமாதானம் சொல்ல வரவில்லை. நாம் அட்டை என்கிற ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குள் கட்டுண்டு கிடக்கிற தண்ணீர்தான். அது ஆவியாகித் தீரும்வரை பின்னாலிருக்கிற கட்டையைக் காப்பாற்றும், ஜனம் வெளியே ஓட நேரம் கிடைக்கும். வீட்டுக்குள் பிடிக்கும் தீக்கு அது போதும். வெளியிலிருந்து காற்றோடு வருகிற தீக்குப் போதாது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட கட்டடங்கள் போயின.

"எல்லாம் சரி மாப்ளே, பேரன் காலம் வரைக்கும் நிக்குமா?" இது மாமாவின் கடைசி ஆயுதம். மாசசூசெட்ஸின் டெடம் ஊரில் 1640 வாக்கில் கட்டிய மர வீடு இன்னும் நிற்கிறது என்று சொன்னேன். அதன் உத்தரங்களின் படத்தைப் பார்த்துவிட்டு, "இது மரம். உன் வீட்டுல இருக்கிறது குச்சி" என்று தள்ளிவிட்டார். நியாயம்தான். ஆனால் குச்சி வீடுகளும் சிகாகோவில் நூறு வருடம் தாண்டி நிற்கின்றன, தண்ணீர் மட்டும் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால். சென்னையில் கடலோரம் நாற்பது வருடக் கான்கிரீட் தளம் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிவதை அவரும் பார்த்திருக்கிறார். நிற்பது பற்றியதல்ல வித்தியாசம். இங்கே யாரும் பேரனை நினைத்து வீடு வாங்குவதில்லை, அடுத்து வாங்க வருகிறவரை நினைத்து வாங்குகிறார்கள். நாலாவது படுக்கையறை தனக்கு வேண்டாம், ஆனால் விற்கும்போது வேண்டும். சுவரில் பிடித்த நிறம் அடிக்கக்கூட யோசித்துச் சாம்பல் நிறமே அடிப்பார்கள். நான்கூட அந்தக் கொக்கியை வீடு விற்கும்போது கழற்ற வேண்டுமா என்று ஒரு கணம் யோசித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்று வாங்குவதாக இருந்தால் இதே கட்டை, இதே அட்டை, பாதி அளவு போதும் என்பேன். பிரச்சினை, எங்கள் பக்கத்தில் அந்த அளவில் புதிய வீடு விற்பனைக்கே வருவதில்லை. மனை குறைந்தபட்சம் இத்தனை அடி என்று நகராட்சி விதி இருக்கும்போது, விலை உயர்ந்த மனையில் சின்ன வீட்டைக் கட்டி எந்த பில்டரும் நஷ்டப்பட மாட்டார். 2025-இல் டெக்சஸ் இதற்கும் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பெரிய நகரங்கள் புதிதாகப் பிரிக்கிற பெரிய நிலங்களில் 3,000 சதுர அடிக்கு மேல் குறைந்தபட்ச மனை அளவு கேட்கக் கூடாது. இது நல்ல ஆரம்பம் என்று எனக்குத் தோன்றியது. கோவில்பட்டிக்கு ஃபோன் போட்டு, இனிமேல் இங்கேயும் சின்ன மனையில் சின்ன வீடு கட்டலாம் என்று மாமாவிடம் சொன்னேன். எவ்வளவு சின்னது என்று கேட்டார். கிட்டத்தட்ட ஏழு சென்ட் என்றேன்.

"ஏழு சென்ட்டா? அதுல மூணு வீடு கட்டலாமே மாப்ளே!"